ஒரு கிராம் வெள்ளைக் கல்

லேப் பையன் வைத்துவிட்டுப் போன டப்பா தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியில் ஒட்டியிருந்த சீட்டில் ‘46, ஏ3’ என்று எழுதியிருந்தது. 46 என்றால் கீழ்த்தாடை, வலப்பக்கம், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். ஏ3 என்பது நிறம். பதினாறு சாயல் கொண்ட நிறப்பட்டையில் லேசாகப் பழுப்பு கலந்த ஒரு சாயல், நம்மூர்ப் பற்கள் பலவற்றுக்கும் ஒத்துப்போவது. உள்ளே வெள்ளை பிளாஸ்டர் அச்சு ஒன்று. அதன்மேல் ஒரு கேப். எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஒரு கிராம் சுமாருக்கு இருக்கும்.

அந்த ஒரு கிராமுக்காக மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல் வேலை செய்கிறவர். செங்கல்பட்டில் என் கிளினிக்குக்கு அவர் வருவது இது நாலாவது தடவை. அவருடைய பல்லைவிட இந்தக் கேப் அதிக தூரம் வந்திருக்கிறது. அந்த வழியைச் சொன்னால்தான், பல்லை அடைத்தால் போதுமா, கேப் போட வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் பிடிபடும் என்று நினைக்கிறேன். என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் தினமும் கேட்கிற கேள்வி அது. முதலில் அது ரூபாய்க் கணக்காகத்தான் வரும்: “அடைச்சா எவ்ளோ, கேப்னா எவ்ளோ?”

கேப்பின் பொருள் ஜிர்கோனியா. அதற்கு மூலம் ஜிர்கான் என்ற கனிமம். ஜிர்கான் எங்கோ அந்நியச் சீமையில் மட்டும் கிடைப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரம் மலைக் கல்லிலேயே பொடிப் பொடி மணியாக இருக்கிறது. அந்தக் கல்லுக்கு உலகம் முழுவதும் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. அதன் கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்த மனிதரின் பெயரையே கல்லுக்கும் வைத்தார். இந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. மாமல்லபுரத்துக் குன்றுகளும் இதே குடும்பம்தான். பாறை வெயிலிலும் மழையிலும் தேய்ந்து மணலாகிறது. மற்றவை பொடிந்து போனாலும் ஜிர்கான் பொடிவதில்லை. ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கனமான மணிகளை அலை தனியே பிரித்துக் கரையில் ஒதுக்குகிறது. தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன இடம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. அங்கே மணலிலிருந்து இல்மனைட், கார்னெட் எல்லாவற்றோடும் ஜிர்கானையும் பிரித்தெடுக்கிறார்கள். கரையோர மக்கள் மணல் அள்ளுவதை எதிர்த்துப் பல வருஷம் போராடியிருக்கிறார்கள். தனியார் தாது மணல் அள்ள 2013இல் தமிழக அரசு தடை போட்டது. இந்த வெள்ளைக் கல்லுக்குப் பின்னால் அந்தக் கரையும் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஜிர்கானில் ஒரு புது உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்ததும் நம் பக்கத்துத் தீவின் கல்லை வைத்துத்தான். 1789இல் ஜெர்மனியின் வேதியியலாளர் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து வந்த ஜிர்கான் கல் ஒன்றைப் பகுத்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஜிர்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்ஸைடு கிடைத்தது, அதுதான் ஜிர்கோனியா. மாத்தறை வைரம் என்று அங்கே நகைக்கடையில் விற்ற நிறமற்ற கல்லும் ஜிர்கான்தான்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கே 1984இல் மின்சாரம் தரத் தொடங்கிய அணுமின் நிலையத்தில் யுரேனியத்தைப் பொதிந்து வைக்கிற குழாய்கள் இதே ஜிர்கோனியத்தின் கலப்பு உலோகம். ஜிர்கானில் ஹாஃப்னியம் என்ற இன்னொரு தனிமம் எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். அது நியூட்ரானை விழுங்கிவிடும் என்பதால் அணு உலைக்குப் போகும் ஜிர்கோனியத்திலிருந்து அதைப் பாடுபட்டுப் பிரிக்கிறார்கள். பல்லுக்குப் போவதில் பிரிப்பதில்லை. வாயில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒரே மணல். ஒரு வழி உலைக்கு, ஒரு வழி வாய்க்கு.

என் டப்பாவில் இருந்த கேப்பின் தூள் நம் கரையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. உலகச் சந்தையில் ஜிர்கான் அதிகமும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வருகிறது. பல்லுக்கான தூளுக்குப் பேர்போனது ஜப்பானின் டோசோ நிறுவனம். தூள் எந்தக் கடலைத் தாண்டி வந்தாலும் போய்ச் சேருகிற இடம் ஒரு பல். அந்தப் பல்லுக்கும் ஒரு கதை உண்டு.

கீழ்த்தாடையின் ஆறாவது பல் ஆறு வயது வாக்கில் முளைக்கும். பால்பல் எதுவும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுவார்கள். வாயில் அதிக வருஷம் உழைக்கிற பல் அதுதான். அதிகம் சொத்தையாவதும் அதுதான். இவருக்கும் அப்படியே. இருபதுகளில் எங்கேயோ வெள்ளிச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். வெள்ளி, தகரம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தில் குழைத்து வைப்பது அது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அது விளிம்பில் உடைந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடைத்தார்கள். பிறகு பல் நிறச் சிமெண்ட். ஒவ்வொரு தடவையும் ஓட்டை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. அது யார் குற்றமும் இல்லை. பழைய அடைப்பைச் சுற்றி அரித்த இடத்தையும் எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க முடியும். எனாமல் நகம் மாதிரி வளர்வதில்லை. அதை உண்டாக்குகிற செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எடுத்தது எடுத்ததுதான்.

என்னிடம் அவர் முதலில் வந்தது ராத்திரி வலியோடு. கண்ணாடிக் கருவியின் பிடியால் அந்தப் பல்லின் தலையில் மெதுவாகத் தட்டினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “நாங்களும் இப்படித்தாம்மா. சுத்தியால ஒரு தட்டு. நல்ல கல்லுனா மணி மாதிரி சொல்லும். உள்ள ரேகை ஓடியிருந்தா சத்தம் செத்துப்போகும்” என்றார். அவர் காதால் கேட்கிறார்; நான் நோயாளியின் முகத்தில் பார்க்கிறேன். வேரின் அடியில் சீழ் கட்டினால் தட்டும்போது முகம் சுருங்கும். விரிசலுக்கு வேறு சோதனை. சின்ன பிளாஸ்டிக் கட்டையை ஒவ்வொரு முகடாக வைத்துக் கடிக்கச் சொல்லி, பட்டென்று விடச் சொல்வோம். கடிக்கும்போது வலிக்காமல் விடும்போது சுரீரென்றால் விரிசலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அவருக்கு இரண்டுமே இருந்தது. நாக்குப் பக்கத்துச் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு கோடு.

இரண்டு தடவையாக ரூட் கேனல் முடித்தேன். வலி போய்விட்டது. மூன்றாவது தடவை வந்தபோதுதான் கேட்டார்.

“வலிதான் போயிட்டதே டாக்டரம்மா. அடைச்சு வுட்டுட்டாப் போதாதா? கேப்பு எதுக்கு?”

நியாயமான கேள்வி. வலி போன பல்லுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

“ஐயா, உங்க ஊர்ப் பாறையில ஆப்புக் குழி பாத்திருப்பீங்களே” என்றேன். மாமல்லபுரத்துக் குன்றுப் பக்கம் சில பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். பாறையைப் பிளக்கக் கோடு போட்டு ஆப்பு இறக்க வெட்டிய குழிகள். பாறை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வரிசையாகக் குழி விழுந்து ஆப்பு இறங்கினால் அந்தக் கோட்டில் வாய் பிளக்கும். கடைவாய்ப் பல்லில் பெரிய அடைப்பு செய்வதும் அதுதான். இறுக்கிக் கடிக்கும்போது கடைவாய்ப் பல்மேல் ஐம்பது அறுபது கிலோ பாரம் இறங்கும். நடுவில் இருக்கிற அடைப்பு இரண்டு பக்கத்துச் சுவரையும் வெளியே தள்ளும். ஒரு நாளில் இல்லை. சாப்பிடுகிற ஒவ்வொரு வேளையும், வருஷக்கணக்காக.

அவர் உடனே பிடித்துக்கொண்டார். “அப்போ சுவரு எவ்ளோ மிச்சம்னு பாக்கணும்.”

அதேதான். நான் பத்து நிமிஷம் எடுத்துச் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பல்லின் மேல்பரப்பில் முன்னும் பின்னும் வயல் வரப்பு மாதிரி இரண்டு மேடு உண்டு. அவைதான் நாலு பக்கச் சுவரையும் சேர்த்துக் கட்டி நிறுத்துகிற வரப்புகள். 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும் பற்களை அழுத்தி அளந்து பார்த்தார்கள். ரூட் கேனலுக்காகத் திறந்த துளை மட்டும் பல்லின் விறைப்பில் 5 சதவீதத்தைத்தான் குறைத்தது. இரண்டு வரப்பும் போய் நடுவில் பள்ளம் விழுந்த பல்லில் 63 சதவீதம் போனது. “ரூட் கேனல் பண்ணினா பல்லு மக்கிப்போயிடும்” என்று ஊரில் சொல்வார்கள். மக்குவதில்லை. ரூட் கேனல் வரைக்கும் கொண்டுவந்த சொத்தையும் பழைய அடைப்புகளும் வரப்பைத் தின்றுவிட்டிருக்கும், அவ்வளவுதான். வரப்பு இரண்டும் நிற்கிறது, ஓட்டை சின்னது, விரிசல் இல்லை என்றால் அடைத்தால் போதும், ரூட் கேனல் செய்திருந்தாலும் பல நேரம் போதும். முன்பற்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவை வெட்டுகிற பற்கள், அரைக்கிற பற்கள் இல்லை. வரப்பு போய், சுவர் மெலிந்து, முகடு உடைந்த கடைவாய்ப் பல்லுக்குத்தான் கேப். அடைப்பு பள்ளத்தை நிரப்புகிறது. கேப் மேலிருந்து கவிழ்ந்து எல்லாச் சுவரையும் ஒன்றாகப் பிடிக்கிறது. பீப்பாய்க்குப் போடுகிற இரும்பு வளையத்தின் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஆன்லே என்று ஒன்று உண்டு: முகடுகளை மட்டும் மூடிப் பக்கவாட்டைத் தொடாமல் விடுவது. நல்ல சுவர் மிச்சமிருக்கிற பல்லுக்கு அது அருமையான வழி, நம் ஊரில் இன்னும் குறைவாகத்தான் செய்கிறோம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்று இன்னும் உறுத்துகிறது. கூலி வேலைக்குப் போகிற அம்மா ஒருவர், ரூட் கேனல் முடிந்த கடைவாய்ப் பல், இரண்டு வரப்பும் இல்லை. “காசு இல்ல கண்ணு, அடைச்சு வுட்டுடு” என்றார். மனசு கேட்காமல் அடைத்து அனுப்பினேன். முறுக்கு கடித்தபோது பல் நெட்டுக்குத்தாக வேர் வரை பிளந்தது. வேர் வரை பிளந்த பல்லை வைத்துக்கொள்ள முடியாது. பிடுங்கினேன். ரூட் கேனல் செய்த பற்களில் கேப் போடாதவை, கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் விழுகின்றன என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2002இல் வந்திருந்தது. அதை நான் படித்திருந்தேன். படித்திருந்தும் அவரை உட்கார வைத்து விளக்கவில்லை. தவணையில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம், ரத்தினமங்கலம், மேல்மருவத்தூர் என்று இந்த மாவட்டத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பயிற்சி மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்கிற இடங்களில் கட்டணம் குறைவாக இருக்கும். அங்கே அனுப்பியிருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கல்லூரிப் பெண் ஒருத்தி வேறோர் இடத்தில் ஆறு பல்லுக்குக் கேப் போடச் சொன்னார்கள் என்று அழுதுகொண்டே வந்தாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். நாலில் பள்ளம் எனாமலைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருந்தது, இரண்டில் வெறும் கறை. நாலையும் அடைத்தேன், ஒரு மணி நேர வேலை. முழுக் கேப்புக்குப் பல்லைச் செதுக்கினால் ஈறுக்கு மேலே தெரிகிற பல்லில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடும். ஈடல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002இல் எடைபோட்டே அளந்து காட்டினார்கள். அந்த ஆறு பல்லிலும் அவ்வளவு நல்ல பல் தூளாகி எச்சிலோடு போயிருக்கும். ஆகவே யார் கேப் என்று சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, எக்ஸ்ரேயையும் வாய்ப் படத்தையும் காட்டச் சொல்லி, “எந்தச் சுவர் போயிருக்கிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். காட்ட முடியும். காட்ட வேண்டும்.

சிற்பிக்கு நான் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். பின் வரப்பு இல்லை, முன் வரப்பு இல்லை, நாக்குப் பக்கம் கோடு. பார்த்துவிட்டு, “செதுக்குங்கம்மா” என்றார்.

செதுக்கினேன். வைரத்தூள் பதித்த சுழல்முனை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே. தலையில் ஒன்றரை மில்லிமீட்டர், பக்கங்களில் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு, ஈறு ஓரமாகச் சுற்றிலும் ஒரு படி. அந்தப் படியில்தான் கேப்பின் விளிம்பு வந்து உட்கார வேண்டும். அதற்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது சொந்தப் பல் சுற்றிலும் நிற்க வேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாவிட்டால் எவ்வளவு விலையுள்ள கேப்பும் நிலைக்காது. அவருக்கு இருந்தது. சிலிக்கோன் மாவில் அளவெடுத்து, தற்காலிகமாக அக்ரிலிக் மூடி ஒட்டி அனுப்பினேன்.

அளவு சென்னை லேபுக்குப் போனது. அங்கே கெட்டி பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார்கள். அச்சை ஸ்கேனர் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. திரையில் ஒரு பையன் எதிர்ப்பல்லோடு பொருத்தி முகடுகளை வரைந்தான். அந்த லேபுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஜிர்கோனியா அங்கே வருவது 98 மில்லிமீட்டர் அகல வட்ட வில்லையாக. நகத்தால் கீறினால் சாக்பீஸ் மாதிரி மாவு உதிரும். அந்த நிலையில்தான் மெஷின் அதைக் கடைகிறது, வேண்டிய அளவைவிடக் கால் பங்கு பெரிதாக. பிறகு உலையில் 1500 டிகிரி. இரும்பு உருகுகிற சூட்டுக்குச் சற்றே கீழே. பச்சைப் பானை சூளையில் சுருங்குவதுபோல் இதுவும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிச் சரியான அளவுக்கு வருகிறது. உள்ளே போகும்போது சாக்பீஸ். வெளியே வரும்போது எஃகுக் கத்தி கீறாத கல்.

இங்கே ஓர் அற்புதம் நடக்கிறது. சுத்தமான ஜிர்கோனியாவை உலையிலிருந்து ஆறவிட்டால் அதன் மணிகள் உருமாறி வீங்கித் தம்மைத் தாமே உடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க இட்ரியா என்ற ஆக்ஸைடைக் கொஞ்சம் கலக்கிறார்கள். மணிகள் வீங்காமல் அடங்கி நிற்கின்றன. பின்னால் எப்போதாவது ஒரு விரிசல் ஓடி வந்தால், அந்த விரிசலின் முனையில் இருக்கிற மணிகள் மட்டும் அப்போது வீங்கி, விரிசலை இறுக்கிப் பிடித்து நிறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் 1975இல் இதை உலகத்துக்குச் சொன்னார்கள். விரிசலால் கெட்ட பல்லுக்கு, விரிசலோடு போராடத் தெரிந்த கல்.

டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன். கேப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். தட்டில் வைத்து நகத்தால் தட்டினார். டிங் என்றது.

“நல்ல கல்லுதான்.”

பிறகு கேப்பைக் கீழே வைத்துவிட்டு அச்சை எடுத்தார். நான் செதுக்கிய பல்லின் குட்டை நிழல் அது. நாலு மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன பீடம், சுற்றிலும் படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். ஆள்காட்டி விரல் நகத்தைப் படியின் ஓரத்தில் வைத்து, முழுச் சுற்றும் மெதுவாக ஓட்டினார். நாக்குப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. விரிசல் ஓடியிருந்த இடம். அங்கே படியைக் கொஞ்சம் கீழே இறக்கி, கோட்டைக் கேப்புக்குள் வரவைத்திருந்தேன்.

“இது லேபுக்காரன் வெட்டினதா, நீங்க வெட்டினதா?”

“நான்தான் ஐயா.”

மறுபடி ஒரு சுற்று நகத்தை ஓட்டினார். “கோடு விடாம வந்திருக்குதே” என்று அச்சை டப்பாவில் வைத்து, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். நான் சிமெண்டைக் குழைக்கத் தொடங்கினேன்.